முதுகில் ஸ்க்ரூ வைத்தாயிற்று, பிசியோ எப்போது?

சித்தியின் டிஸ்சார்ஜ் சீட்டில், மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே, "6 வாரம் கழித்து பிசியோதெரபி" என்று ஒரு வரி இருந்தது. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்த ஒரு வரிக்கு மூன்று பொழிப்புரை கிடைத்துவிட்டது. "ஆறு வாரத்துக்கு அசையவே கூடாது, எல்லாம் படுக்கையிலேயேதான்" என்றார் பெரியப்பா. "ஆறு வாரம் போனா எலும்பு ஒட்டிரும், அப்புறம் குடம்கூடத் தூக்கலாம்" என்றார் எதிர்வீட்டு அக்கா. சென்னையிலிருந்து மாமா மகன், இப்போதே ஆரம்பிக்காவிட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று ஓர் உடற்பயிற்சி வீடியோவை அனுப்பிவைத்தான். மூன்று பேருக்கும் சித்தி மேல் அக்கறைதான். மூன்று பேர் சொன்னதும் தப்பு.

அந்த ஒரு வரிக்கு உரை எழுதுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. நான் டாக்டர் இல்லை. கூடவே இருந்து பார்த்தவன், புரியாததைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவன். பெரியவர்களுக்குக் கீழ்முதுகில் செய்யும் ஃப்யூஷனை, அதாவது எலும்போடு எலும்பை ஒட்டவைக்கும் ஆபரேஷனைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். கழுத்தில் செய்வதற்கும், முதுகு பக்கவாட்டில் வளைந்த பிள்ளைகளுக்குச் செய்வதற்கும் கணக்கு வேறு. உங்கள் சர்ஜன் சொன்னது இதிலிருந்து மாறினால் அவர் சொன்னதையே கேளுங்கள். உங்கள் ஸ்கேனைப் பார்த்தவர் அவர்.

## எதை எதோடு ஒட்டுகிறார்கள்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முதுகெலும்பு என்பது எலும்புகளின் அடுக்கு. மொத்தம் 33. அடியில் உள்ள ஒன்பதும் வளர வளர ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். மேலே உள்ள 24 மட்டும் தனித்தனியாக அசையும். தண்டுவடம் என்பது அந்த அடுக்குக்குள் ஓடும் நரம்புக் கற்றை. "தண்டுவடத்துல ஸ்க்ரூ போட்டிருக்காங்க" என்று யாராவது சொன்னால் கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்க்ரூ போவது எலும்பில். சொல்லப்போனால் தண்டுவடம் கீழ்முதுகு தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் மாதிரி பிரிந்து இறங்கும் நரம்புகள்தான்.

கீழ்முதுகில் ஐந்து எலும்புகள். மேலிருந்து எல்-1, எல்-2 என்று எண்ணுவார்கள். இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தை போல இருப்பது டிஸ்க். சித்திக்கு எல்-4 எலும்பு எல்-5இன் மேல் முன்பக்கமாக வழுக்கியிருந்தது. நடந்தால் அந்த இடம் ஆடும், ஆடினால் காலுக்குப் போகும் நரம்பு நசுங்கும், தெருமுனை வரை போவதற்குள் மூன்று திண்ணையில் உட்கார வேண்டும். ஃப்யூஷன் என்பது அந்த இரண்டு எலும்பையும் நிரந்தரமாக ஒரே எலும்பாக வளரவைப்பது. ஆட்டம் நின்றால் நசுங்கலும் நிற்கும். (டிஸ்க் பிதுங்கிய எல்லாருக்கும் இது தேவைப்படாது. பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷனே தேவைப்படாது. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

ஆபரேஷன் தியேட்டரில் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால்: நரம்பை அழுத்தும் எலும்பையும் சவ்வையும் எடுத்து அதற்கு இடம் உண்டாக்குவார்கள். பெரும்பாலும் டிஸ்கை அகற்றிவிட்டு அந்த இடத்தில் கேஜ் என்ற சின்னக் கூட்டை வைப்பார்கள். மேல் எலும்பில் இரண்டு, கீழ் எலும்பில் இரண்டு ஸ்க்ரூ போட்டு, இரண்டு பக்கமும் கம்பியால் இணைப்பார்கள். உறவினர்கள் எல்லாரும் இந்த ஸ்க்ரூவைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் உண்மையான வேலை அடுத்ததில்தான் இருக்கிறது. எலும்பின் மேல்தோலைச் சுரண்டி, அது ரத்தம் கசியும்படி விட்டு, அங்கே எலும்புத் துகள்களை வைப்பார்கள். இந்தத் துகளுக்குக் கிராஃப்ட் என்று பெயர், ஒட்டு என்று சொல்லலாம். வெட்டியெடுத்த எலும்பையே பொடித்து வைப்பதும் உண்டு, இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எடுப்பதும் உண்டு.

எதற்காக நல்ல எலும்பைச் சுரண்ட வேண்டும்? உடம்பை ஏமாற்றத்தான். அங்கே எலும்பு முறிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உடம்பு அதைச் சேர்க்கும் வேலையில் இறங்குகிறது. ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஃப்யூஷன் அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

## சென்ட்ரிங் அடித்த தளம்

வீடு கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். தளம் போடும்போது பலகை அடித்து, கீழே முட்டுக்கட்டை கொடுத்து, கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டுகிறார்கள். இரண்டு நாள் போனால் மேலே ஏறி நடக்கலாம். தட்டினால் 'டொக்' என்று கெட்டியாகத்தான் சத்தம் வரும். அதற்காக மூன்றாம் நாள் சென்ட்ரிங்கைப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள், கொத்தனார் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பாத்தி கட்டித் தண்ணீர் விட்டு, நாள் கணக்கு முடிந்த பிறகுதான் பிரிப்பார். கான்கிரீட் முழு பலத்துக்கு வர 28 நாள் என்று இன்ஜினியர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஸ்க்ரூவும் கம்பியும் சென்ட்ரிங் மாதிரி. ஒட்டு எலும்புதான் கான்கிரீட். ஸ்க்ரூ எதையும் ஒட்டாது, அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கை ஒடிந்தால் மாவுக்கட்டு செய்கிற வேலையை இது உள்ளிருந்து செய்கிறது. ஒரு வித்தியாசம், இந்தச் சென்ட்ரிங்கைப் பிரிக்க மாட்டார்கள். எலும்பு ஒட்டிய பிறகு அதற்கு வேலை இல்லை, ஆனாலும் தொந்தரவு கொடுக்காதவரை உள்ளேயே விட்டுவிடுவார்கள்.

இந்தக் கான்கிரீட் இறுக 28 நாள் போதாது. முதல் இரண்டு மூன்று வாரம் ரத்தக்கட்டும் வீக்கமும்தான். அதற்குள் புதிய ரத்தக் குழாய்கள் நுழைகின்றன. அப்புறம் நாரும் குருத்தும் கலந்த மெதுவான எலும்பு உருவாகிறது. மூன்று மாத வாக்கில் அது கெட்டிப்படத் தொடங்கும். நன்றாக ஒட்டிவிட்டது என்று சொல்ல ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். அதற்குப் பிறகும் எலும்பு தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

ஆக, ஸ்க்ரூ பிடிக்கிறது, எலும்பு ஒட்டுகிறது, ஆறாவது வாரத்தில் அந்த எலும்பு இன்னும் ஈரக் கான்கிரீட்தான். எதிர்வீட்டு அக்காவுக்கான பதில் இது.

## கான்கிரீட் உதாரணம் எங்கே இடறுகிறது

அப்படியானால் பெரியப்பா சொன்னபடி அசையாமல் கிடப்பதுதானே சரி? இல்லை. கான்கிரீட்டுக்கு உயிர் இல்லை, எலும்புக்கு உண்டு. இங்கே இன்னோர் உதாரணம் வேண்டும்: ஒட்டு மாங்கன்று. நாற்றுத் தண்டையும் நல்ல ரகக் குச்சியையும் சீவி, சேர்த்துக் கட்டுகிறார்கள். கட்டின இடம் ஆடக் கூடாது. அதற்காகச் செடியை இருட்டறையில் பூட்டி வைத்தால் ஒட்டு பிடிக்குமா? சாறு ஓட வேண்டும், வெளிச்சம் வேண்டும். ஒட்டின இடம் அசையக் கூடாது, ஆனால் செடி வாழ வேண்டும்.

எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும் என்பதை ஜெர்மன் சர்ஜன் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதிவைத்தார். சுமை இருக்கும் இடத்தில் எலும்பு தடிக்கும், இல்லாத இடத்தில் கரையும். விண்வெளி வீரர்களுக்கு மாதம் ஒரு சதவீதத்துக்கு மேல் எலும்பு கரைவது இதனால்தான். படுக்கையிலேயே கிடந்தால் நமக்கும் ஓரளவு அதே கதை. தசை வாடும், நுரையீரலில் சளி தேங்கும், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் வேறு.

பெரியப்பாவுக்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதுகெலும்பு ஃப்யூஷன் 1911இல் நியூயார்க்கில் தொடங்கியது. ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பீ என்ற இரண்டு சர்ஜன்கள் தனித்தனியாகச் செய்தார்கள். எலும்பைத் தின்னும் காசநோய்தான் அப்போது பெரிய காரணம். அந்தக் காலத்தில் உள்ளே பிடித்துக்கொள்ள ஸ்க்ரூ கிடையாது. மாவுக்கட்டும் படுக்கையும்தான் சென்ட்ரிங். இப்போது போடுகிற வகை ஸ்க்ரூவை பிரெஞ்சு சர்ஜன் ராய்-கமில் 1960களில் தொடங்கி, அது உலகமெங்கும் பரவச் சில பத்தாண்டுகள் ஆயின. 'மாதக்கணக்கில் படு' என்பது ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்ன சரியான அறிவுரை. ஸ்க்ரூ வந்த பிறகும் அறிவுரை மட்டும் குடும்பங்களில் தங்கிவிட்டது.

## கட்டுக்கம்பி ஏன் ஒடிகிறது

சரி, டைட்டானியம் ஸ்க்ரூ அவ்வளவு உறுதி என்றால் எதற்குப் பயம்? சென்ட்ரிங் வேலை நடக்கும் இடத்தில் கிடக்கும் ஒரு துண்டுக் கட்டுக்கம்பியை எடுங்கள். இழுத்து அறுக்க முடியாது. இரண்டு விரலால் முன்னும் பின்னும் பத்து இருபது தடவை மடக்குங்கள், பட்டென்று ஒடியும். திரும்பத் திரும்ப வளைவதால் உலோகம் பலம் இழப்பதற்கு உலோகச் சோர்வு என்று பெயர்.

ஸ்க்ரூவுக்கும் கம்பிக்கும் இது உண்டு. தயாரிக்கும்போதே 50 லட்சம் தடவை அழுத்திச் சோதிப்பார்கள். சித்தி நாளுக்கு 3,000 அடி நடந்தால் மூன்று மாதத்தில் 2,70,000 அடி. அந்தச் சின்னச் சுமையைத் தாங்கத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. குனிந்து, திரும்பி, கனமான எதையாவது தூக்கும்போது வரும் பெரிய வளைவு வேறு கணக்கு. எலும்பு ஒட்டிவிட்டால் சுமை எலும்புக்குப் போய்விடும். ஒட்டாமலே நாள் போனால் என்றைக்காவது ஸ்க்ரூ தளரும், அல்லது கம்பி ஒடியும். எலும்பு ஒட்டாமல் போவதைப் பொய் மூட்டு என்பார்கள்: ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாமல், மூட்டு மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகான ஒரு வருடம் என்பது எலும்பு ஒட்டுவதா, உலோகம் சோர்வதா என்ற ஓட்டப்பந்தயம். எலும்பு ஜெயிக்கிற மாதிரி நடந்துகொள்வதுதான் நம் வேலை.

## வலி ஒரு கணக்கு, எலும்பு ஒரு கணக்கு

எனக்குப் பிடிபட நாளான விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வெட்டின தோல் இரண்டு வாரத்தில் ஆறும். தசை ஆறச் சில வாரங்கள். நரம்பு விடுபட்டதால் காலில் மின்னல் மாதிரி வந்த வலி பலருக்கு ஆஸ்பத்திரியிலேயே போய்விடும் (மரமரப்பு மட்டும் மாதக்கணக்கில் இழுக்கலாம்). ஆக ஆறேழு வாரத்தில் ஆள் தெளிவாக இருப்பார். முகம் மலர்ந்திருக்கும், மாத்திரை குறைந்திருக்கும், "எனக்கு ஒண்ணுமில்ல" என்பார். அதே நேரத்தில் உள்ளே எலும்பு பாதிகூட இறுகியிருக்காது. நன்றாக இருக்கிறோம் என்ற நினைப்புக்கும் உண்மையான பலத்துக்கும் இடையே இடைவெளி மிகப் பெரிதாக இருப்பது அந்த ஆறாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் நடுவில்தான்.

சித்தி ஏழாவது வாரத்தில் காஸ் சிலிண்டரை மாற்றினார். கேட்டதற்கு, "தூக்கவே இல்லடா, லேசா சாய்ச்சு உருட்டித்தான் கொண்டுவந்தேன்" என்றார். நிரம்பிய சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதைச் சாய்த்து உருட்ட வேண்டுமென்றால் குனிய வேண்டும், குனிந்தபடி இடுப்பை முறுக்க வேண்டும், அந்த நிலையில் கனத்தையும் தாங்க வேண்டும். செய்யக் கூடாதவை என்று டாக்டர் சொன்ன மூன்றையும் ஒரே காரியத்தில் முடித்துவிட்டார். இரண்டு நாள் முதுகுத் தசை இறுகிப்போய் எழுந்திருக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ இருந்த இடத்தில் இருந்தது. டாக்டர் திட்டவில்லை, சிலிண்டர் போடுகிற பையனுக்குப் பத்து ரூபாய் கொடுங்கம்மா என்று மட்டும் சொன்னார்.

இதன் மறுபக்கமும் உண்டு. நாலாவது மாதத்தில் லேசாக வலித்தால் ஒட்டவில்லை என்று பதற வேண்டாம். பல மாதம் தூங்கிக்கிடந்த தசையை எழுப்பினால் வலிக்கத்தான் செய்யும். எலும்பு ஒட்டியதா இல்லையா என்பதை வலியை வைத்துச் சொல்ல முடியாது, படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

## பிசியோ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலை

டிஸ்சார்ஜ் சீட்டின் சிக்கல் இங்கேதான். பிசியோதெரபி என்றதும் நாம் ஒரே ஒரு பொருளை நினைத்துக்கொள்கிறோம், அது எப்போது தொடங்கும் என்று கேட்கிறோம். உண்மையில் அந்தச் சொல்லுக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் மூன்று தேதி.

முதல் வேலை எழுந்து நடப்பது. இது ஆபரேஷனுக்கு மறுநாளே தொடங்கிவிடும், சிலருக்கு அன்று மாலையே. சித்தியின் கட்டிலுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட் வந்தார். முதலில் மூச்சை இழுத்து விடச் சொன்னார், பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். பிறகு, "அம்மா, இப்ப நீங்க ஒரு மரக்கட்டை. தோளும் இடுப்பும் முழங்காலும் ஒண்ணாத்தான் திரும்பணும்" என்றார். சித்தி இரண்டு முழங்காலையும் மடக்கினார். வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து இடப்பக்கம் மொத்தமாக ஒரே உருளலாகப் புரண்டார். அப்படியே கட்டில் விளிம்பு. கால் இரண்டையும் கீழே தொங்கவிட்டபடி, இடது முழங்கையையும் வலது உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றி நிமிர்ந்தார். கால் இறங்க இறங்க உடம்பு தராசுத் தட்டு மாதிரி மேலே வந்தது. முதுகு எங்கேயும் முறுக்கிக்கொள்ளவில்லை. லேசாகத் தலை சுற்றியது, ஒரு நிமிடம் உட்கார்ந்தார். அப்புறம் வாக்கரைப் பிடித்து எழுந்து ஜன்னல் வரை எட்டு அடி வைத்தார். லாக் ரோல் என்று இதற்குப் பெயர். முழுக்க ஒட்டும்வரை படுக்கவும் எழவும் இதுதான் வழி.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் ஆறு வாரத்துக்கு நடைதான் பிசியோ. வாசலிலிருந்து கொல்லைக்கதவு வரை ஐந்து நிமிடம், நாளுக்கு ஐந்தாறு தடவை. வாரம் போகப்போக ஒவ்வொன்றையும் கொஞ்சம் நீட்டினார். ஒரே இடத்தில் அரை மணிக்கு மேல் உட்காரவில்லை. தரையில் உட்காரக் கூடாது என்பதால் உயரமான நாற்காலி, இந்தியக் கழிப்பறைக்கு மேல் பிளாஸ்டிக் கமோடு ஸ்டூல். இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் (இந்த அளவு சர்ஜனுக்குச் சர்ஜன் மாறும்). டூ-வீலரில் பின்னால் உட்காருவது கூடவே கூடாது. நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வேலை தசைக்குப் பழையதை நினைவுபடுத்துவது. முதுகைத் திறக்கும்போது எலும்பை ஒட்டியுள்ள ஆழமான தசைகளை விலக்கித்தான் உள்ளே போகிறார்கள். அதோடு பல வருட வலியால் அந்தத் தசைகள் ஏற்கெனவே மெலிந்திருக்கும். அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்துப் பிடிப்பது, முதுகை நேராக வைத்துக்கொண்டே கை காலை மட்டும் அசைப்பது போன்றவை இதில் சேரும். பார்த்தால் பயிற்சி மாதிரியே இருக்காது, சித்தி "இதுக்கா காசு குடுக்கறோம்" என்றார். முதுகு அசையாமல் இருப்பதுதான் இங்கே பயிற்சியே.

மூன்றாவது வேலை பலப்படுத்துவது. எதிர்ப்பு கொடுத்துச் செய்வது, சைக்கிள் மிதிப்பது, உட்கார்ந்து எழுவது, எடை தூக்கக் கற்பது. மாமா மகன் அனுப்பிய வீடியோ இந்த வகை, அதுவும் குனிந்து கால் விரலைத் தொடும் ரகம். இது எலும்பு ஓரளவு கெட்டிப்பட்ட பிறகுதான்.

முதல் வேலைக்கு மறுநாள், மூன்றாவது வேலைக்குப் பெரும்பாலும் மூன்று மாதம். சீட்டில் எழுதியிருந்த ஆறு வாரம் என்பது நடுவில் உள்ள இரண்டாவதைப் பற்றியது. இதை மட்டும் அந்தச் சீட்டில் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தால் எங்கள் வீட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

## ஆறா, பன்னிரண்டா?

முறையான பயிற்சியை எந்த வாரத்தில் தொடங்குவது என்பதில் சர்ஜன்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. சிலர் ஆறு என்பார்கள், சிலர் பன்னிரண்டு. சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் தேறலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். டென்மார்க்கில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஃப்யூஷன் செய்துகொண்ட 82 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரே மாதிரியான குழுப் பயிற்சியை ஒரு பாதிக்கு ஆறாவது வாரத்திலும் மறு பாதிக்குப் பன்னிரண்டாவது வாரத்திலும் தொடங்கினார்கள். 2012இல் முடிவு வெளியானது. ஒரு வருடம் கழித்து அன்றாட வேலைகளில் சிரமம் குறைந்திருந்தது பன்னிரண்டாவது வாரத்தில் தொடங்கியவர்களுக்குத்தான்.

உடனே 'அப்ப பன்னிரண்டு வாரம் சும்மா இருக்கணும்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தாமதமாகத் தொடங்கியவர்களும் அதுவரை படுத்திருக்கவில்லை, நடந்துகொண்டுதான் இருந்தார்கள். இன்னொரு பக்கம், ஸ்வீடனில் 107 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வந்தது. முதல் பன்னிரண்டு வாரத்துக்குள்ளேயே ஒரு குழுவுக்கு வழக்கமான உடற்பயிற்சி. மற்றக் குழுவுக்கு முதுகைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததோடு, அசைந்தால் என்னவாகுமோ என்ற பயத்தைக் குறைக்கும் பேச்சும் பழக்கமும் சேர்ந்த சிகிச்சை. இரண்டாவது குழுதான் நன்றாகத் தேறியது. அதாவது சீக்கிரம் தொடங்குவதே தவறு என்றில்லை, சீக்கிரத்தில் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கும் முன்னால், 2003இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரிலிருந்து வெளிவந்த ஆய்வு. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆன 90 பேர், மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்குப் பயிற்சி வீடியோ. ஒரு குழுவுக்கு வாரம் இரண்டு நாள் வீதம் எட்டு வாரம் கடுமையான பயிற்சி. இன்னொரு குழுவுக்கு அதே வீடியோவோடு, பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் மூன்றே மூன்று தடவை ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு 'முதுகு காபிக்கடை'. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அன்றாட வேலைகளைச் சுலபமாகச் செய்தவர்கள் காபிக்கடைக்காரர்கள். வலி அதிகம் என்று சொன்னவர்கள் பயிற்சிக் குழுவினர். தன்னைப் போல ஸ்க்ரூ வைத்துக்கொண்ட ஒருவர் எதிரே உட்கார்ந்து காபி குடிப்பதைப் பார்ப்பதும் ஒரு மருந்து என்றுதான் நான் படிக்கிறேன். நம் ஊர் ஆஸ்பத்திரி கேன்டீன்களில் இது ஏற்கெனவே தானாக நடக்கிறது, கூட ஒரு பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்தால் போதும்.

## 'இடுப்பு' செய்கிற குழப்பம்

மூன்றாவது மாதம் பயிற்சி தொடங்கியபோது பிசியோதெரபிஸ்ட், "முதுகை வளைக்காம இடுப்புல இருந்து குனிங்கம்மா" என்றார். சித்தி கீழ்முதுகை நன்றாக வளைத்துக் குனிந்தார். அவர் மறுபடி சொன்னார், சித்தி மறுபடி அப்படியே குனிந்தார். இருவர் மேலும் தப்பில்லை. தமிழில் நாம் 'இடுப்பு வலி' என்று சொல்வது கீழ்முதுகை. பிசியோதெரபிஸ்ட் சொன்னது தொடையெலும்பு வந்து சேரும் பந்து மூட்டை. கடைசியில் அவர் சித்தியின் தொடை மடிப்பில் ஒரு ஸ்கேலை வைத்து, "இந்த ஸ்கேலை மடிப்புக்குள்ள அமுக்குங்க, பின்பக்கத்தால பின்னாடி இருக்கற கதவைச் சாத்துங்க" என்றார். முதுகு பலகை மாதிரி நேராக இருக்க, உடம்பு தொடை மூட்டில் மடிந்தது.

ஒட்டின இடம் இனி வளையாது. அங்கே இழந்த அசைவைத் தொடை மூட்டிடம் கடன் வாங்க வேண்டும். வாங்கத் தெரியாவிட்டால் ஒட்டிய எலும்புக்கு மேலும் கீழும் உள்ள டிஸ்குகள் அந்த வேலையைச் சேர்த்துச் செய்து சீக்கிரம் தேயக்கூடும். பிசியோவின் நீண்டகாலப் பயன் இங்கேதான் இருக்கிறது.

## பெல்ட், எண்ணெய், பீடி

பெல்ட் கட்டினால் ஸ்க்ரூவின் சுமை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். 1990களில் பெர்லினில், முதுகில் வைக்கும் கம்பிக்குள்ளேயே சுமையை அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். பெல்ட் கட்டினாலும் கட்டாவிட்டாலும் கம்பியின் மேல் விழும் சுமை குறையவில்லை. குனியப் போகும்போது 'வேண்டாம்' என்று இழுத்து நினைவூட்டுவதுதான் பெல்ட்டின் வேலை. டாக்டர் கட்டச் சொன்னால் கட்டுங்கள், அதை நம்பி அரிசி மூட்டையைத் தொடாதீர்கள்.

எண்ணெய் தேய்த்து நீவுவது, சுளுக்கு எடுப்பது, முதுகில் ஏறி மிதிப்பது எதுவும் வேண்டாம்.

பீடி, சிகரெட் விஷயத்தில் டாக்டர்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, எலும்பைக் கட்டும் செல்களையும் தடுக்கிறது. பொய் மூட்டு புகைப்பவர்களுக்கே அதிகம். புகையிலையை வாயில் அடக்குபவர்களுக்கும் நிகோடின் நிகோடின்தான். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் வைட்டமின் டி குறைவும் ஒட்டுவதைத் தாமதப்படுத்தும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் சில எலும்பு வளர்வதற்கு இடைஞ்சலாகலாம், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

## காத்திருக்கக் கூடாதவை

சிறுநீரோ மலமோ அடங்காமல் போவது அல்லது வராமல் நின்றுவிடுவது, உட்காரும் இடத்தில் உணர்ச்சி மரத்துப்போவது, காலில் புதிதாக பலம் குறைவது: இவை வந்தால் மறுநாள் ஓ.பி. வரை பொறுக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல், தையலில் சீழ் அல்லது நீர் கசிவு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கும் இதுவே.

## எட்டாவது மாதம்

சித்திக்கு ஆபரேஷன் நடந்தது சித்திரையில். ஆறாவது மாத எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புக்கும் நடுவே மங்கலாக ஒரு வெள்ளைப் பாலம் தெரிந்தது. டாக்டர் பேனா முனையால் அதைத் தொட்டுக் காட்டினார். முன்னால் குனிந்தும் பின்னால் சாய்ந்தும் எடுத்த இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்து, ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கிறதா, இரண்டு எலும்புக்கும் இடையே கோணம் மாறுகிறதா என்று பார்த்தார். வளையம் இருந்தால் ஸ்க்ரூ தளர்கிறது என்று பொருள், கோணம் மாறினால் இன்னும் ஒட்டவில்லை என்று பொருள். வளையமும் இல்லை, கோணமும் மாறவில்லை. சில சமயம் சந்தேகம் தீர சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், சித்திக்குத் தேவைப்படவில்லை.

"மார்கழிக் கோலம் போடலாமா டாக்டர்?" என்று கேட்டார் சித்தி. அவர் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்கச் சொன்னார். பிசியோதெரபிஸ்ட் இரண்டு வாரம் மர ஸ்டூலின் மேல் சாக்பீஸால் புள்ளி வைக்கச் சொல்லிப் பழக்கினார், பிறகு தரையில், தொடை மூட்டில் மடிந்து, ஒரு கையை முழங்காலில் ஊன்றி. மார்கழி முதல் நாள் விடியற்காலையில் வாசலில் ஏழு புள்ளிக் கோலம் ஒன்று இருந்தது. வழக்கமாக இருபத்தொன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து மிச்சத்தைப் போட்டாராம். எதிர்வீட்டு அக்கா சொன்னார்.